ஐசக் ஒட்டிய நோட்டீஸ்

சாம்பாரில் உப்பில்லை என்ற முதல் புகார் வந்தபோது, சாம்பார் இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். புகாரைக் கொண்டுவந்தவர் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் வெங்கடப்பன். அவர் கேன்டீனுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தினார். சுவரில் பசை காயாமல் இருந்த நோட்டீசை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், இன்னிக்கு சாம்பார்ல உப்பே இல்லியாமே?"

"யாரு சொன்னது?"

"எல்லாரும் பேசிக்கிறாங்க."

கேன்டீன் மேற்பார்வையாளர் ஐசக் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருந்தது. பருப்பே அரைவேக்காட்டில் கிடந்தது. இருந்தும் அவர் பதறவில்லை. நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நோட்டீசில் இப்படி இருந்தது: 'தொழிலாளர் நலன் கருதி, இன்று முதல் கேன்டீன் உணவில் உப்பு கால்பங்கு குறைக்கப்படுகிறது. ஒத்துழைப்பு தாரீர்.' அதற்குக் கீழே அதையே கன்னடத்திலும் எழுத வைத்திருந்தார்.

ஐசக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தங்கமான மனிதர், ஆனால் நோட்டீஸ் ஒட்டாமல் அவரால் எதையும் செய்ய முடியாது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனுக்கு அவர் பொறுப்பேற்று எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடத்தில் அந்தச் சுவர் பெயின்டைப் பார்த்ததைவிட நோட்டீசைப் பார்த்ததுதான் அதிகம். கை கழுவச் சொல்லி ஒன்று, சோற்றை வீணாக்காதீர் என்று ஒன்று, வரிசையில் வரச் சொல்லி ஒன்று. 'நோட்டீசைக் கிழிக்காதீர்' என்றும் ஒன்று ஒட்டியிருந்தார். அதைத்தான் முதலில் கிழித்தார்கள்.

உப்பு நோட்டீசுக்குக் காரணம், போன வாரம் நடந்த மருத்துவ முகாம்.

டாக்டர் ரூபா தொழிற்சாலைக்கு வந்து நானூறு பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்பும் அவர்தான் வந்து பார்த்தார். அப்போது நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தது. இப்போது இருபத்தொன்பதாக இறங்கியிருந்தது. டாக்டர் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மேனேஜர் விஜயகுமாரிடம், இந்த இரண்டு வருடத்தில் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். விஜயகுமார் ஐசக்கைப் பார்த்தார். ஐசக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாராட்டு என்று ஒன்று வாசல் தேடி வரும்போது கதவைச் சாத்த யாருக்கு மனசு வரும். உள்ளுக்குள்ளே சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தோம் என்று அடக்கமாகச் சொல்லி வைத்தார்.

அது அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேன்டீன் சமையலை மொத்தமாக நிறுத்திவிட்டு, பெங்களூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வேனில் சாப்பாடு கொண்டுவந்து இறக்குவதாக மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான சாப்பாடு என்பதுதான் அந்தக் கான்ட்ராக்டர் சொன்ன பெருமை. விஜயகுமார் நல்ல மனிதர். ஐசக்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி வருவார். இருபத்தொன்பது இன்னும் குறைந்திருந்தால் சமையலறை இங்கேயே இருக்கும், குறையவில்லை என்றால் வேன்.

சமையலறையில் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். பாதிப்பேருக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஊர், மிச்சப்பேர் உள்ளூர். ஐசக் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தபோது முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேனில் வந்து இறங்கும் டப்பாக்களை எண்ணிக்கொண்டு நிற்கும் தன்னை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் நோட்டீஸ்.

தலைமைச் சமையல்காரி நாராயணம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் வெங்கடப்பனின் மனைவி. வீட்டில் தெலுங்கு, கேன்டீனில் தமிழ், அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களிடம் கன்னடம் என்று மூன்று மொழி பேசுவார்; ஆனால் மூன்றிலும் கொஞ்சமாகத்தான் பேசுவார். உப்பைக் கால்பங்கு குறைக்க வேண்டும் என்று ஐசக் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கண்டிப்பா கொறைக்கணுங்களா சார்?"

"கண்டிப்பா."

"நோட்டீசு ஒட்டப் போறீங்களா?"

"ஒட்டாம எப்படி?"

நாராயணம்மா பெருமூச்சு விட்டார். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். மற்ற பெண்களில் பலரும் ஆளுக்கொரு மூட்டைமேல் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் தரையில் குந்தித்தான் காய் நறுக்குவார்கள். ஸ்டூல் வாங்கித் தரட்டுமா என்று ஐசக் ஒருமுறை கேட்டதற்கு, இதுவே உசரமா வசதியா இருக்குதுங்க சார் என்று நாராயணம்மா மறுத்துவிட்டார். எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யாத பெண்கள் என்று ஐசக்குக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு உண்மையான சோதனை வந்தது.

முதல் வாய் எடுத்துவைத்த வெங்கடப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தள்ளியதைப் பார்த்து அந்த மேஜையே தள்ளியது. நேற்றுவரை இந்தக் கேன்டீன் சாம்பாரைப் போல ஓசூரில் எந்த ஓட்டலிலும் கிடையாது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், இன்று வெந்நீரில் பருப்பைக் கரைத்து ஊற்றியிருப்பதாகச் சொன்னார்கள். உப்புக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் உப்பு என்றே பெயர். ஆகவே மூன்று மொழியிலும் புகார் வந்தாலும் ஐசக்குக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

அவரும் ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துப் பார்த்தார். மனசாட்சிப்படி சொல்வதென்றால், சப்பென்றுதான் இருந்தது.

வெங்கடப்பனின் வார்த்தைக்கு அங்கே மதிப்பு அதிகம். அதற்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் ஃபோர்க்லிப்டிலேயே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரையும் கொடுத்து, உப்பைக் குறைக்கவும் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையை விழுங்கினார்; உப்பு விஷயத்தில் மசியவில்லை. வீட்டில் நாராயணம்மா அவருக்கு மட்டும் தனியாக உப்புக் குறைத்துக் குழம்பு வைத்துப் பார்த்தார். ஒரே வாயில் கண்டுபிடித்து, தட்டை நகர்த்திவிட்டு, மூன்று நாள் மனைவியிடம் பேசாமல் இருந்தார். இதை அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

"என் நாக்கு தராசு மாதிரி. அதுக்கப்புறம் அவ அந்த வேலையே வெச்சுக்கல. இப்ப பாரு, நல்லா உப்பு போட்டுத்தான் திங்கறன். பிரஷர் எறங்கித்தான் இருக்குது. எல்லாம் பூண்டு."

தினம் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டு தின்பதைத்தான் அவர் சொன்னார்.

முதல் நாளே மேஜைமேல் இருந்த உப்புக் கிண்ணங்கள் காலியாயின. அதற்கு முன் அந்தக் கிண்ணங்களை யாரும் தொட்டதில்லை. வாரம் ஒருமுறை தூசி துடைத்து வைப்பார்கள். இப்போது ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். தேவைக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை; கம்பெனி தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பி வாங்குகிற மாதிரி இருந்தது. ஐசக் கிண்ணங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, 'மேஜையில் உப்பு வைக்கப்படாது' என்று இரண்டாவது நோட்டீசை ஒட்டினார்.

மறுநாள் ஆண்கள் உப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தார்கள். வெங்கடப்பன் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். தொழிற்சாலைப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஊறுகாய்.

மாங்காய்க்குப் பேர்போன ஜில்லாவில் ஊறுகாய்க்கா பஞ்சம். வேப்பனப்பள்ளிக்காரர்கள் கடுகுப்பொடியும் காரமும் போட்ட ஆவக்காயைக் கொண்டுவந்தார்கள். நாகரசம்பட்டிக்காரர்கள் வடுமாங்காயைக் கொண்டுவந்தார்கள். எது உசத்தி என்று பட்டிமன்றம் நடந்தது. தீர்ப்புச் சொல்வதற்காக எல்லோரும் இரண்டையும் சாப்பிட்டார்கள். தட்டில் சோறு எவ்வளவோ ஊறுகாயும் அவ்வளவு இருந்தது. ஒரு துண்டு ஊறுகாயில் இருக்கிற உப்பு ஒரு தட்டுச் சாம்பாரில் இருக்காது என்பது ஐசக்குக்குத் தெரியும். ஆகவே மூன்றாவது நோட்டீஸ்: 'ஊறுகாய் கேட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை.'

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர் செக்யூரிட்டி பெரியதம்பி. வெளியே போகிறவர்கள் போல்ட், நட்டு எடுத்துப் போகிறார்களா என்று சோதிப்பதுதான் அவர் இத்தனை நாள் பார்த்த வேலை. இப்போது உள்ளே வருகிறவர்களின் பையைத் திறந்து மோந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில், மூடியைத் திறக்காமலே எந்த ஊர் ஊறுகாய் என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். பிடிபட்ட பாட்டில்கள் பெயர் எழுதி ஐசக்கின் அறையில் வைக்கப்பட்டன. ஷிப்டு முடிந்ததும் அவரவர் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசை நீண்டு கம்பெனி பஸ் தினமும் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஒருநாள் பாட்டில் மாறிப்போய், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஐசக்கின் சட்டை, ஃபைல், ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குக் கொண்டுபோகும் பைபிள் உறை வரைக்கும் ஊறுகாய் எண்ணெய் வாசம் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆராதனை நடுவில் பசிக்கிறது என்றார்.

ஊறுகாயும் போன பிறகு, கேன்டீனில் சாப்பிடுகிறவர்களின் கூட்டம் குறைந்தது. வியாழக்கிழமைக் களிக்கும் கீரைக்குழம்புக்கும் அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தக் களி உருண்டை உருண்டையாக மிஞ்சியது. ஆட்கள் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். போண்டா, மிளகாய் பஜ்ஜி, மிக்சர் பொட்டலம். டீக்கடைக்காரர் புதிதாக ஒரு அடுப்பு போட்டார். ஐசக்கைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கத் தொடங்கினார்.

அவர்களைத் திரும்பக் கூட்டிவர ஐசக் நான்காவது நோட்டீஸ் ஒட்டினார். வாரம் முழுக்க கேன்டீனிலேயே சாப்பிடும் பிரிவுக்குச் சனிக்கிழமை கேசரி. கூட்டம் வந்தது. கேசரிக்காக வந்தவர்கள், சாம்பாரைச் சகித்துக்கொள்வதற்காகக் காலுறைக்குள் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெரியதம்பி, காலுறையை மட்டும் என்னால் மோந்து பார்க்க முடியாதுங்க சார் என்று கைகூப்பிவிட்டார்.

இப்படியாக மூன்று மாதம் ஓடியது. டாக்டர் ரூபா மறுபடி வந்தார்.

நூற்றுக்கு முப்பத்தேழு.

மேனேஜர் அறையில் டாக்டர்தான் முதலில் பேசினார். அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். "மூணு மாசத்துல எல்லாமே திரும்பி வந்துருக்கு சார். அதை விடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் என்னமோ ஒண்ணு சரியா செஞ்சீங்கல்ல? அது என்னன்னு சொல்லுங்க. நான் மத்த கம்பெனிங்களுக்கும் சொல்றேன்."

விஜயகுமார் அதையே பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை மேலிடத்துக் கூட்டம். அந்த இரண்டு வருடத்தில் செய்தது என்ன என்று ஐசக் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டிச் சமையலறையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. எழுத எதுவும் இல்லை என்றால் செவ்வாய்க்கிழமை முதல் வேன். உள்ளுக்குள்ளே மாற்றங்கள் செய்தோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் நினைவுபடுத்தினார்.

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவப் போன பிறகு, ஐசக் ஒரு வெள்ளைத்தாளோடு சமையலறைக்குள் வந்தார். பின்சுவரோரம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மாற்றப்பட்டது. இரண்டு, சுவருக்கு நீலப் பெயின்ட் அடிக்கப்பட்டது. மூன்று, புதிய எவர்சில்வர் தட்டுகள். நீலப் பெயின்டால் ரத்த அழுத்தம் குறையுமா என்று யோசித்துவிட்டு அதை அடித்தார். பிறகு எழுத வேறெதுவும் இல்லாததால் மறுபடி எழுதினார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

நாராயணம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கு எவ்ளோ வந்துச்சுங்க சார்?"

ஐசக்குக்குச் சொல்ல மனமில்லை. ஆனாலும் சொன்னார். போன முறை நூற்று முப்பத்தாறு, இந்த முறை நூற்று அறுபத்திரண்டு.

நாராயணம்மா அப்படியே எதிர் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஐசக்குக்கு வேனும் மறந்தது, மேலிடமும் மறந்தது. எல்லாம் தன்னால் வந்தது என்று மனம்விட்டுச் சொன்னார். உப்பைக் குறைத்ததுதான் தப்பாகப் போயிற்று; அதனால்தான் ஜனங்கள் பொட்டலமும் ஊறுகாயுமாக அலைந்தார்கள்; வேன் வருகிறவரைக்கும் வாய்க்கு ருசியாகவாவது போடுவோம் என்றார்.

"திங்கக்கிழமைலருந்து பழையபடியே உப்பு போட்டுருங்க நாராயணம்மா."

"பழையபடின்னா எந்தப் பழையபடிங்க சார்?"

"நோட்டீஸ் ஒட்டறதுக்கு முந்தின நாள் எவ்வளவு போட்டீங்களோ, அவ்வளவு."

"அவ்ளோதாங்க சார் இன்னிக்கும் போட்டன்."

ஐசக் பேனாவை மூடினார். முதல் நாள் தான் குடித்த சாம்பார் நினைவுக்கு வந்தது. சப்பென்று இருந்தது என்று சத்தியம் செய்திருப்பார்.

"அப்ப கால்பங்கு குறைக்கச் சொன்னேனே?"

"இன்னும் எங்கங்க சார் கொறைக்கிறது? இருக்கிறதே பாதி."

ஐசக்குக்குப் புரியவில்லை. பாதியா, எப்போதிலிருந்து பாதி, மாதாமாதம் மளிகையோடு உப்பு மூட்டை எட்டு வருடமாக அதே கணக்கில்தானே வந்து இறங்குகிறது, மிச்சம் எங்கே போயிற்று என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நாராயணம்மா சங்கடத்தோடு அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். ஐசக் மெதுவாக எழுந்து, விரித்திருந்த சாக்கை விலக்கினார். கல் உப்பு. பக்கத்து மூட்டை, அதுவும் கல் உப்பு. சுவரோரம் பதினொன்று இருந்தன. பதினான்கு பெண்களில் இன்னும் மூன்று பேருக்குத்தான் ஆசனம் பாக்கி.

அவர் திரும்பிப் பார்த்தபோது நாராயணம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். குரலில் குற்றம் செய்தவரின் தயக்கமும் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

"வீட்ல அவருக்கு மட்டும் கொறச்சன், ஒரே வாயில கண்டுபுடிச்சுட்டாரு, அதான் அவரு ஒருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னு நானூறு பேருக்கும் சேத்து, ரெண்டு மாசத்துக்கு ஒரு கையா கொறச்சுக்கினே வந்தன், ரெண்டு வருசம் ஒருத்தரும் கேக்கல சார், நீங்கதான் நோட்டீசு ஒட்டிட்டீங்க."